ஒரே சிப்பில் செயலியும் லாஜிக்கும்: எதை எடுப்பது, எப்போது எடுப்பது?

(புதுக்கோட்டையில் பாலிடெக்னிக் மாணவர்கள், ஆசிரியர்கள், பட்டறை நடத்துவோர் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மைக்ரோகண்ட்ரோலரை உள்ளேயே வைத்துக்கொண்டு வரும் புரோகிராமபிள் லாஜிக் சிப்புகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பேச்சு வந்தாலே கம்பெனிப் பெயர்களையும் விலைப்பட்டியலையும் எடுத்துப் போட்டுவிடுகிறோம். பிறகு அவற்றுக்கு வருகிறேன். முதலில் ஆதனக்கோட்டைக்குப் போவோம்.

தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தி முந்திரிப் பருப்பு வாங்காதவர் இந்த அவையில் குறைவாகத்தான் இருப்பார்கள். கொட்டையை வறுத்து, கையால் உடைத்து, தோலுரித்து, முழுப் பருப்பு, பாதி, நொறுங்கல் என்று பிரித்துப் போடுவது பெரும்பாலும் பெண்கள். தோட்டின் எண்ணெய் கையை அரித்துவிடும். அந்த வேலையைச் செய்கிறவர்களின் உள்ளங்கையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். சந்தையில் பருப்புக்குத் தரம் உண்டு. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 வரை முழுப் பருப்பு நிற்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் ஒரு விலை, வறுபட்டுப் பழுப்பேறியிருந்தால் வேறு விலை. கண்ணால் பார்த்து நிறம் பிரிக்கும் இந்த வேலையைச் செய்ய கலர் சார்ட்டர் என்ற மெஷின் இருக்கிறது. கோயம்புத்தூரிலேயே தயாராகிறது. அரிசி ஆலைகளில் பார்த்திருப்பீர்கள்.

அந்த மெஷினுக்கு நீங்கள் ஒரு போர்டு வடிவமைப்பதாக வைத்துக்கொள்வோம். பருப்பு ஒரு சாய்வான தகட்டில் வழுக்கி வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழுகிறது. கீழே ஒரு லைன் கேமரா. அது படம் எடுப்பதில்லை, ஒரே ஒரு வரியைத்தான் பார்க்கிறது. ஒரு வரிக்கு 2048 புள்ளிகள். வினாடிக்கு 10,000 வரிகள் பார்த்தால், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் பருப்பு 0.3 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். 2.5 சென்டிமீட்டர் நீளப் பருப்பு ஒன்று ஏறக்குறைய 83 வரிகளில் கடந்துவிடும். இனி பெருக்குங்கள்: 2048-ஐ 10,000-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 2 கோடிக்கு மேல் புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பார்த்தால் 6 கோடிக்கு மேல் எண்கள்.

100 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மைக்ரோகண்ட்ரோலர் ஒன்று வினாடிக்கு 10 கோடி கிளாக் தருகிறது. ஓர் எண்ணுக்கு இரண்டு கிளாக்கூட மிஞ்சவில்லை. எண்ணைப் படிக்க வேண்டும், எல்லையோடு ஒப்பிட வேண்டும், முடிவை எழுதி வைக்க வேண்டும். இரண்டு கிளாக்கில் அது ஆகாது. புரோகிராமை எவ்வளவு இறுக்கி எழுதினாலும் இந்தக் கணக்கு மாறாது.

வேகமான செயலி வாங்கினால் போயிற்று என்று தோன்றும். தீராது. வேகத்தோடு நேரமும் தவறக் கூடாது என்பது இந்த வேலையின் நிபந்தனை. கேமரா பார்த்த இடத்திலிருந்து 12 சென்டிமீட்டர் கீழே காற்று நாசில் இருக்கிறது. பருப்பு அங்கே வர 40 மில்லி வினாடி, அதாவது 400 வரிகள். அந்த நேரத்தில் வால்வு திறந்து பழுப்புப் பருப்பை மட்டும் ஊதித் தள்ள வேண்டும். 1 மில்லி வினாடி தவறினால் 3 மில்லிமீட்டர் தவறும். பக்கத்தில் வரும் நல்ல பருப்பும் சேர்ந்து தள்ளப்படும். லினக்ஸ் ஓடும் செயலி வேறொரு வேலையில் சில மில்லி வினாடி பிந்திப்போவது சாதாரணமாக நடப்பது. மொத்தத்தில் வேகமாக இருந்துகொண்டே, தேவையான ஒரு கணத்தில் மட்டும் அது பிந்திவிடலாம்.

லாஜிக் சிப் இங்கேதான் வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்பாய்ச்சி எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும் ஒரு மடையை முடித்துவிட்டுத்தான் அடுத்த மடைக்குப் போக முடியும். வாய்க்காலில் தண்ணீர் அப்படியில்லை, எல்லாக் கிளையிலும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. செயலி ஒவ்வொன்றாகச் செய்கிறது. லாஜிக் சிப்பில் நாம் வெட்டி வைத்த பாதைகள் அனைத்திலும் சமிக்ஞை ஒரே கிளாக்கில் நகர்கிறது. மூன்று நிறத்துக்கும் மூன்று ஒப்பீட்டாளர்கள் அருகருகே உட்கார்ந்திருக்கும். எந்த மடைக்கு எப்போது, எவ்வளவு என்று தீர்மானிக்க நீர்பாய்ச்சியும் வேண்டும். இந்த வருடக் கொட்டைக்குப் பழுப்பின் எல்லை எது, எத்தனை பருப்பு தள்ளினோம், எந்த வால்வு அடைத்திருக்கிறது, திரையில் தமிழில் என்ன காட்டுவது என்பதெல்லாம் செயலியின் பொறுப்பு.

இரண்டும் ஒரே சிப்பில் இருந்தால் நல்லதா, தனித்தனியாக இருந்தால் நல்லதா? தேர்வு என்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்: செயலி எவ்வளவு பெரியது என்பதைக் கடைசியில் பாருங்கள். முதலில் இரண்டுக்கும் நடுவில் என்ன போகிறது, எவ்வளவு போகிறது, எத்தனை சீக்கிரம் போக வேண்டும் என்று பாருங்கள். நடுவில் போவது கொஞ்சம்தான் என்றால் இரண்டு மலிவான சிப்புகளும் அவற்றுக்கிடையே நான்கு கம்பியில் ஓர் எஸ்.பி.ஐ. இணைப்புமே போதும். நடுவில் பெருவெள்ளமாகத் தரவு போக வேண்டும் என்றால் ஒரே சிப் தவிர வழியில்லை. போர்டில் 32 கம்பி, 64 கம்பி என்று இழுத்துக்கொண்டிருக்க முடியாது.

முந்திரி மெஷினையே பாருங்கள். நிறத்தை முடிவு செய்வதும் 400 வரி காத்திருந்து வால்வைத் திறப்பதும் முழுக்க லாஜிக்குக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. 64 நாசில் என்று வைத்தால் 64 பெருக்கல் 400, ஆக 25,600 பிட் நினைவகம் இருந்தால் காத்திருப்பு வரிசை தயார். லாட்டிஸ் கம்பெனியின் ஐஸ்40 அல்ட்ராபிளஸ் என்ற சின்ன சிப்பில், யு.பி.5.கே. என்ற மாடலில், 5,280 லட் இருக்கிறது, 120 கிலோபிட் பிளாக் ராம் இருக்கிறது. வரிசை தாராளமாக உள்ளே போய்விடும். லட் என்றால் சில உள்ளீடுகளை (இந்தச் சிப்பில் நான்கு) பார்த்து ஒரு வெளியீடு தரும் சின்ன அட்டவணை. இந்தச் சிப்புகளின் அளவை அதில்தான் எண்ணுவார்கள். செயலிக்குப் போக வேண்டியதோ வினாடிக்குச் சில நூறு பைட்டுகள். எண்ணிக்கைகளும் எச்சரிக்கைகளும்தான். இந்த அளவில் தனித்தனி சிப் போதும்.

ஆனால் அதே சிப்பில் பின்களை எண்ணிப் பாருங்கள். 48 கால் பேக்கேஜில் நமக்குக் கிடைப்பது 39. மூன்று நிறத்துக்கும் எட்டு எட்டு பிட்டாக 24 கால்கள் போய்விடும். கேமராவுக்குக் கிளாக், சமிக்ஞையை எண்ணாக்கும் ஏ.டி.சி.-க்குக் கிளாக், பிளாஷ் நினைவகம், செயலி இணைப்பு எல்லாம் எடுத்தபின் 64 வால்வுக்குக் கால் எங்கே? 74ஹெச்.சி.595 ஷிஃப்ட் ரிஜிஸ்டர்களை வரிசையாகக் கோத்து மூன்று கால்களில் அனுப்பலாம். ஒரு வரிக்கு 64 பிட், வினாடிக்கு 6.4 லட்சம் பிட், அது எளிது. லட் எண்ணிக்கையைப் பார்த்து சிப் வாங்கிவிட்டு, போர்டு வரையும்போது கால் போதாமல் திரும்புவது நம் மாணவர்களின் புராஜெக்ட்டுகளில் அடிக்கடி நடக்கிறது. கேட்டலாக்கைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் ஒவ்வொரு காலையும் எழுதுங்கள். எது 3.3 வோல்ட், எது 5 வோல்ட் என்றும் எழுதுங்கள்.

அடுத்து அந்த மெஷினில் நிறத்தோடு வடிவத்தையும் பார்க்க வேண்டும், முழுப் பருப்பா பாதியா என்று படத்தை வைத்துச் செயலி முடிவெடுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். இப்போது மொத்தப் படமும் செயலியின் நினைவகத்துக்குப் போக வேண்டும். வினாடிக்கு 60 மெகாபைட். நான்கு கம்பி எஸ்.பி.ஐ. இந்த வெள்ளத்தைத் தாங்காது. இதற்குத்தான் ஜிங்க்-7000 போன்ற சிப்புகள் வந்தன. ஜைலிங்ஸ் 2011-இல் அறிவித்த குடும்பம். இரண்டு ஆர்ம் கார்டெக்ஸ் ஏ9 செயலிகளும் லாஜிக்கும் ஒரே சிலிக்கானில், நடுவில் ஏ.எக்ஸ்.ஐ. என்ற அகலமான பஸ். குடும்பத்தில் சிறிய 7010 மாடலிலேயே 17,600 லட். அதற்குக் கொடுக்கும் விலை பணம் மட்டுமில்லை. வெளியே டி.டி.ஆர். நினைவகம் வேண்டும், நான்கைந்து விதமான வோல்டேஜ் சரியான வரிசையில் ஏற வேண்டும், பேக்கேஜ் முழுக்க அடியில் குண்டுகள் பதித்த பி.ஜி.ஏ. சால்டரிங் அயர்ன் கொண்டு ஒட்ட முடியாது, ஒட்டியதைக் கண்ணால் சரிபார்க்கவும் முடியாது. புதுக்கோட்டையில் போர்டு பழுதானால் இங்கேயே பார்க்க வேண்டும் என்பது உங்கள் நிபந்தனையானால், ஜிங்க்கைப் போர்டில் நேராக வைக்காதீர்கள். அதைத் தாங்கிய ரெடிமேட் மாட்யூலை வாங்கி, உங்கள் போர்டில் சாக்கெட்டில் செருகுங்கள். பழுதானால் மாட்யூலைக் கழற்றி மாற்றலாம்.

இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் சில சிப்புகள் இருக்கின்றன. கோவின் கம்பெனியின் ஜி.டபிள்யூ.1என்.எஸ்.ஆர்.-4சி சிப்பில் ஒரு கார்டெக்ஸ் எம்3 செயலியும் 4,608 லட்டும் சேர்ந்து இருக்கின்றன. டாங் நேனோ 4கே என்ற சின்னப் போர்டில் வருகிறது. பி-சாக் 5எல்.பி. என்ற சிப்பில் கார்டெக்ஸ் எம்3 செயலியோடு லாஜிக் 24 சின்னத் தொகுதிகள்தான். ஆனால் ஆம்ப்ளிஃபயரும் 20 பிட் ஏ.டி.சி.-யும் உள்ளேயே இருக்கின்றன, 5 வோல்ட்டிலும் ஓடும். சென்சாரை நேராக இணைத்து அளக்கும் கருவிக்கு இதைப்போல வசதியானது குறைவு. கேமராவுக்கு அது போதாது.

இன்னொரு வழி, செயலியையே லாஜிக்கில் வரைந்துகொள்வது. சாஃப்ட் கோர் என்பார்கள். இதில் நம் தமிழ்நாடு பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் 2014 வாக்கில் தொடங்கிய சக்தி செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் எழுதப்பட்டவை. அவர்களின் ரைஸ்கிரீக் சிப் இன்டெலின் 22 நேனோமீட்டர் ஆலையிலும், ரிமோ சிப் சண்டிகரை ஒட்டிய மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வுக்கூடத்தில் 180 நேனோமீட்டரிலும் 2018-இல் உருவாயின. ஆனால் சக்தியைத் தொட்டுப் பார்க்க அந்தச் சிப் கையில் இருக்க வேண்டியதில்லை. ஆர்ட்டி ஏ7 போன்ற ஒரு எஃப்.பி.ஜி.ஏ. (அதாவது லாஜிக் சிப்) போர்டில் அந்த வடிவமைப்பை ஏற்றினால் சக்தி செயலி நம் மேசையில் ஓடும். திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா செயலிகளும் உண்டு. 2020-இல் மத்திய அரசு சுதேசி மைக்ரோபிராசசர் போட்டி அறிவித்தபோது இந்த இரண்டு செயலிகளையும் வைத்துத்தான் கருவி செய்யச் சொன்னார்கள். இந்த ஊர் மாணவர்கள் சக்தியைத் தொடாமல் படிப்பை முடிக்கக் கூடாது என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

சாஃப்ட் கோர் இடத்தை எடுத்துக்கொள்ளும், வேகமும் குறையும். செர்வ் என்ற ரிஸ்க்-ஃபைவ் செயலி இருநூறு லட் அளவிலேயே அடங்கிவிடுகிறது. ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரு பிட்டாகத்தான் வேலை செய்யும். ஒரு கட்டளைக்கு 32 கிளாக்குக்கு மேல் எடுக்கும். திரையில் எண் காட்டவும் பட்டனைப் படிக்கவும் அது போதும். இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மைக்ரோகண்ட்ரோலர் உள்ளே வேண்டும் என்று தேடுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தேவை இவ்வளவு சின்னச் செயலிதான். அதற்காகத் தனியாக ஒரு விலையுயர்ந்த குடும்பத்துக்குப் போக வேண்டியதில்லை.

கீரமங்கலம், வடகாடு பக்கத்திலிருந்து வந்தவர்கள் கேட்பார்கள், எங்கள் போர் மோட்டார் ஸ்டார்ட்டருக்கு இது வேண்டுமா என்று. வேண்டாம். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவது, தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்துவது, செல்போனில் ஆன் பண்ணுவது, எல்லாம் மில்லி வினாடிகளிலும் வினாடிகளிலும் நடப்பவை. எட்டு பிட் மைக்ரோகண்ட்ரோலர் தாராளம். சோலார் பம்ப் கண்ட்ரோலர் கொஞ்சம் நுட்பமானது. ஆறு ஐ.ஜி.பி.டி. சுவிட்சுகளை மாறிமாறித் திறக்க வேண்டும். மேலும் கீழும் இருப்பவை ஒரே நேரத்தில் திறந்தால் வெடித்துவிடும், நடுவில் இரண்டு மூன்று மைக்ரோ வினாடி இடைவெளி விட்டாக வேண்டும். கேட்க லாஜிக் வேலை மாதிரி இருக்கும். ஆனால் மோட்டார் கண்ட்ரோலுக்கென்று வரும் மைக்ரோகண்ட்ரோலர்களின் டைமரிலேயே அந்த இடைவெளி ஹார்டுவேராக இருக்கிறது. அதிகக் கரண்ட் வந்தால் புரோகிராமைக் கேட்காமல் வெளியீட்டை அணைக்கும் காலும் இருக்கிறது. அதைவிட்டு எஃப்.பி.ஜி.ஏ. போட்டால் விவசாயி தலையில் செலவு ஏறும், பயன் இல்லை.

மாத்தூர் தொழிற்பேட்டையில் பெல் கம்பெனிக்கு ஃபேப்ரிகேஷன் செய்யும் பட்டறைகளில் வேறு மாதிரி கேள்வி வருகிறது. பழைய கட்டிங் மெஷினுக்குப் புதிய கண்ட்ரோலர் போட வேண்டும். 2500 பல்ஸ் என்கோடர், இரண்டு சேனலின் விளிம்புகளையும் எண்ணினால் ஒரு சுற்றுக்கு 10,000. மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் வினாடிக்கு 5 லட்சம் எண்ணிக்கை, ஒரு அச்சுக்கு. ஒரு எண்ணிக்கைகூட விடுபடக் கூடாது. விட்டால் தகடு தப்பாக வெட்டுப்படும். இரண்டு மூன்று அச்சு என்றால் நல்ல மைக்ரோகண்ட்ரோலரின் டைமர்களே எண்ணிவிடும். ராஸ்பெர்ரி பை பிக்கோவில் இருக்கும் ஆர்.பி.2040 சிப்பில் பி.ஐ.ஓ. என்ற எட்டு சின்ன இயந்திரங்கள் செயலியைத் தொந்தரவு செய்யாமல் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். 2021-இல் வந்த இந்த சிப் பல சமயம் எஃப்.பி.ஜி.ஏ.வின் தேவையையே நீக்கிவிடுகிறது. ஆனால் நான்கு இயந்திரங்களுக்குச் சேர்த்து 32 கட்டளைகள்தான் இடம். ஆறு, எட்டு அச்சு, அதோடு ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு எல்லை என்று வந்தால் லாஜிக் சிப்புக்குப் போய்விடுங்கள். வளைத்து நெளித்துச் செய்யாதீர்கள்.

இப்போது கரண்ட் கட்டைப் பற்றிப் பேச வேண்டும். பெரும்பாலான எஃப்.பி.ஜி.ஏ.க்கள் தங்கள் வடிவமைப்பை எஸ்ராம் நினைவகத்தில் வைத்திருக்கின்றன. கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும். மறுபடி வந்ததும் வெளியே உள்ள பிளாஷிலிருந்து ஏற்றிக்கொள்ளப் பல மில்லி வினாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் கால்கள் எந்த நிலையிலும் இல்லாமல் மிதக்கும், அல்லது உள்ளே இருக்கும் ஒரு பலவீனமான ரெசிஸ்டர் மேலே இழுத்து வைத்திருக்கும். அந்தக் கால்களில் 64 வால்வும் இருந்தால், கரண்ட் வந்தவுடன் கம்ப்ரசர் காற்று முழுதும் ஒரே மூச்சில் வெளியேறும். ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் பக்கத்தில் நிற்கிறவர் கை போகும். ஒவ்வொரு வெளியீட்டுக் காலுக்கும் கீழே இழுக்கும் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள். டிரைவர் சிப்பின் எனேபிள் காலை, லாஜிக் ஏறி முடிந்ததாகச் சொல்லும் சமிக்ஞையோடு கட்டுங்கள். மைக்ரோசிப்பின் ஸ்மார்ட்ஃப்யூஷன்2 போன்றவை வடிவமைப்பைப் பிளாஷிலேயே வைத்திருப்பதால் கரண்ட் வந்த உடனே தயாராகிவிடும். அடிக்கடி கரண்ட் போகும் இடத்துக்கு அவை நல்ல தேர்வு.

இதோடு ஒட்டிய கேள்வி: செயலி நடுவில் ஹேங் ஆனால் லாஜிக் என்ன செய்ய வேண்டும்? ஒரே சிப்பில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே நிற்கும் என்று நினைக்காதீர்கள். செயலி உறைந்துபோன பிறகும் லாஜிக் பழைய எல்லையை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். செயலி குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஒரு ரிஜிஸ்டரைத் தொட வேண்டும், தொடாவிட்டால் லாஜிக் தானே எல்லாவற்றையும் அணைக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள்.

வெயிலையும் மறக்க வேண்டாம். கமர்ஷியல் கிரேடு எஃப்.பி.ஜி.ஏ.வின் உள் வெப்பம் 85 டிகிரி வரைதான் உத்தரவாதம்; இண்டஸ்ட்ரியல் கிரேடு 100 டிகிரி வரை. சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் காற்றே 60 டிகிரியைத் தொடும்போது, கமர்ஷியல் கிரேடுக்கு மிஞ்சுவது 25 டிகிரி. மாடல் பெயரில் கிரேடைக் குறிக்கும் எழுத்து ஒன்றை மாற்றி ஆர்டர் போடத் தயங்காதீர்கள்.

கடைசியாக, சிப்பின் ஆயுள். இந்தச் சேர்க்கை சிப்புகளின் வரலாறு சோகமானது, தெரிந்துகொள்ளுங்கள். டிரைசெண்ட் என்ற கம்பெனி 8051 வகைச் செயலியையும் லாஜிக்கையும் ஒன்றாகச் சேர்த்துத் தொண்ணூறுகளின் இறுதியிலேயே விற்றது. 2004-இல் ஜைலிங்ஸ் அதை வாங்கியது, சிப் நின்றது. அட்மெல் தன் ஏ.வி.ஆர். செயலியை வைத்து எஃப்.பி.ஸ்லிக் என்று ஒன்று செய்தது. ஆல்டெரா 2000-இல் ஆர்ம் வைத்து எக்ஸ்காலிபர் கொண்டுவந்தது. ஜைலிங்ஸே 2002-இல் பவர்பிசி வைத்து விர்டெக்ஸ்-2 புரோ செய்து, பிறகு ஆர்முக்கு மாறியது. ஒவ்வொன்றும் நல்ல பொறியியல்தான், ஆனாலும் நிலைக்கவில்லை. கம்பெனிகளும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. பி-சாக் செய்த சைப்ரஸ் 2020-இல் இன்ஃபினியன் கைக்குப் போனது, ஜைலிங்ஸ் 2022-இல் ஏ.எம்.டி. கைக்கு. ஆல்டெராவை 2015-இல் வாங்கிய இன்டெல், 2025-இல் பெரும்பங்கை விற்றுவிட்டது. 2020-லிருந்து 2022 வரை சிப் தட்டுப்பாட்டில், ஒரே ஒரு மாடலை நம்பியிருந்த சின்னப் பட்டறைகள் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தன.

ஆதனக்கோட்டையில் ஒரு மெஷின் வைத்தால் அது பத்துப் பதினைந்து வருடம் ஓட வேண்டும். அதனால் லாஜிக்கை வெரிலாக் மொழியில் எழுதுங்கள். கம்பெனியின் தனி மென்பொருளில் படம் வரைந்து கிடைக்கும் பிளாக்குகளை எங்கே தவிர்க்க முடியுமோ அங்கே தவிருங்கள். செயலிக்கு சி மொழி. சாஃப்ட் கோர் என்றால் ரிஸ்க்-ஃபைவ், ஏனென்றால் அதை எந்தக் கம்பெனி சிப்புக்கும் தூக்கிப் போகலாம். ஆல்டெராகூடத் தன் சொந்த நையாஸ் 2 செயலியை விட்டு ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையிலான நையாஸ் வி-க்கு வந்துவிட்டது. யோசிஸ் போன்ற திறந்த மென்பொருள்களைப் பழகுங்கள். பெரிய கம்பெனிகளின் டூல் பல பத்து ஜிகாபைட் இறக்க வேண்டும். செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பிப் படிக்கிற மாணவருக்கு அது நியாயமில்லை. ஐஸ்40 சிப்புக்கு யோசிஸும் அதோடு சேர்ந்த கருவிகளும் ஒரு சாதாரண லேப்டாப்பில் நிம்மதியாக ஓடுகின்றன.

உங்களில் யாராவது இப்போதே ஒரு மெஷினை மனதில் வைத்திருந்தால், அது முந்திரியோ, தகடு வெட்டுவதோ, படகில் வைப்பதோ, மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு வாருங்கள்: எந்த வேலைக்கு எத்தனை மைக்ரோ வினாடி அவகாசம், எத்தனை கால்கள், செயலிக்கும் லாஜிக்குக்கும் நடுவில் வினாடிக்கு எத்தனை பைட். சிப்பின் பெயரை எழுத வேண்டாம். கூட்டம் முடிந்ததும் மேசையருகே இருக்கிறேன், தாளை வைத்துக்கொண்டு பார்ப்போம். இப்போது கேள்விகளைக் கேளுங்கள்.